பயிற்சியில் மனம் வெறுத்து லோரியை விட்டவர் மறுபடி ஏறும் முன்

அண்ணே, மறுபடி போகலாமா, இல்லை விட்டுடலாமா? மலேசியாவில் பினாங்குப் பக்கம் பிறையிலும் பாகான் டாலாமிலும் டிரெய்லர் லோரி பழகப் போய் பாதியில் திரும்பிய தம்பிமார்கள் என்னிடம் கேட்பது இதைத்தான். நானும் அப்படித் திரும்பியவன். கனரக வண்டிக்கான ஈ லைசென்சுக்குப் பழகிய இடத்தில், நான் கோஸ்தான் போடும், அதாவது வண்டியைப் பின்னால் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொடுத்தவர் கதவில் ஓங்கித் தட்டுவார். மூன்றாம் நாள் டிரெய்லர் மடங்கி கேபினை இடிக்கிற மாதிரி நின்றுவிட்டது, பத்துப் பேர் பார்க்க "உனக்கெல்லாம் இது வராது" என்றார். பத்து மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. அப்புறம் வேறு இடத்தில் சேர்ந்தேன், இப்போது கன்டெய்னர் இழுத்து எட்டு வருஷம் ஆகிறது.

அதனால் போங்கள் என்றோ வேண்டாம் என்றோ சட்டென்று சொல்ல மாட்டேன். முதலில் ஒரு தாளில் அந்தப் பயிற்சியின் மிக மோசமான நாளை நடந்தபடியே எழுதிப் பாருங்கள். கத்தினார், ஒரு லோரிக்கு எட்டுப் பேர், நாளைக்கு இரண்டு ரவுண்டுதான் கிடைத்தது என்று எழுதியிருந்தால் கோளாறு பழகிய இடத்தில், அது மாற்றக்கூடியது. பக்கத்தில் மோட்டார் சைக்கிள் வந்தாலே கை நடுங்கியது, கண்ணாடியில் எதைப் பார்ப்பது என்றே தெரியவில்லை என்றால் அது வண்டிப் பயம், பழகப் பழகக் குறையும். ஆனால் ராத்திரி வேலை, துறைமுகத்தில் காத்துக் கிடப்பது, பிள்ளைகளைப் பார்க்க முடியாதது என்று எழுதியிருந்தால் நீங்கள் வெறுத்தது வேலையைத்தான், நல்ல வாத்தியார் கிடைத்தாலும் அது மாறாது, அதற்காக இன்னொரு தடவை காசு கட்டாதீர்கள்.

எது என்று தெரியவில்லையா? தெரிந்த டிரைவர் யாரிடமாவது சொல்லி, முதலாளியிடமும் கேட்டுக்கொண்டு, கெலிண்டானாக, அதாவது லோரி உதவியாளாக, மூன்று நான்கு டிரிப் கூட உட்கார்ந்து போய் வாருங்கள். ஒன்றாவது ராத்திரி டிரிப்பாக இருக்கட்டும். பட்டர்வொர்த் கன்டெய்னர் முனையத்தில் விடியற்காலை வரிசையில் நிற்கும்போது முன்னால் சிவப்பு விளக்குகள் மட்டும்தான் தெரியும், எஞ்சின் சத்தத்தில் கண் தானாகச் சொருகும். அந்த நேரத்தில் உங்கள் உடம்பு என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். பகலிலேயே அடிக்கடி தூங்கி விழுபவர், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர் முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு வரட்டும், இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது.

பலரை வீட்டுக்கு அனுப்புவது கோஸ்தான்தான், அதை வீட்டிலேயே பழக ஆரம்பிக்கலாம். என் மகனின் பொம்மை டிரெய்லரைத் தரையில் வைத்துப் பின்னால் தள்ளித் தள்ளித்தான் எனக்கே புரிந்தது: தலை, அதாவது முன்னால் இழுக்கும் வண்டி, இடது பக்கம் போனால் வால், அதாவது டிரெய்லர், வலது பக்கம் போகும். நிஜ வண்டியில் ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள், அவ்வளவுதான். அதிலும் கொஞ்சமாக நகர்த்துங்கள். வால் திரும்ப ஆரம்பித்ததும் தலையை அதன் பின்னாலேயே கொண்டுபோக வேண்டும், அங்கே தாமதித்தால்தான் மடங்கும். கோணம் கெட்டுப்போனால் முன்னால் எடுத்து நேராக்கிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள், சந்தேகம் வந்தால் பிரேக் போட்டு இறங்கிப் போய்ப் பாருங்கள், பழைய டிரைவர்களும் இறங்கித்தான் பார்க்கிறார்கள். அன்றைக்கு எனக்கு யாராவது இந்த நாலு வரியைச் சொல்லியிருந்தால் அந்தப் பத்து மாதம் வீணாகியிருக்காது.

காற்று பிரேக்கும் பலரைப் பயமுறுத்துகிறது. காற்று இறங்கினால் பிரேக் இல்லாமல் போய்விடும் என்று நினைக்கிறார்கள், உண்மையில் பார்க்கிங் பிரேக்கைப் பிடித்து வைத்திருப்பது ஸ்பிரிங், அதை விடுவிக்கத்தான் காற்று வேண்டும். அதனால் காற்று நிரம்பும்வரை பொறுத்திருந்து கிளம்புங்கள். காராக் மலைச்சாலை மாதிரி நீண்ட இறக்கத்தில்தான் ஆபத்து: இறங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்து எஞ்சின் பிரேக்கில் வர வேண்டும், காலாலேயே மிதித்துக்கொண்டு வந்தால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

பயிற்சி இடத்தை மாற்றுவதாக இருந்தால் காசு கட்டும் முன் ஒரு காலையில் போய் வேலிக்கு வெளியே நின்று பாருங்கள். ஒரு லோரிக்கு எத்தனை பேர், உட்கார்ந்தவர் எவ்வளவு நேரம் ஓட்டுகிறார், தப்பு செய்தால் என்ன நடக்கிறது என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். டெஸ்டுக்கு வரும் அதே லோரியில்தான் பழகுவீர்களா என்றும் கேளுங்கள். ஈ கிடைத்தாலும் சரக்கு லோரி வேலைக்கு ஜிடிஎல் என்ற சரக்கு வண்டி லைசென்சைத் தனியாக எடுக்க வேண்டும், அதற்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். உடனே டிரெய்லர் வேண்டாம் என்று தோன்றினால் 3,500 கிலோ வரையுள்ள வண்டிக்கு, கார் ஓட்டும் டி லைசென்ஸே போதும், சின்ன லோரியில் கண்ணாடியும் இடது பக்க மறைவும் பழகிக்கொண்டு அப்புறம் வரலாம்.

வேலை கேட்கும்போது சம்பளத்தோடு நிறுத்தாதீர்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, டிரிப் காசு எவ்வளவு, ஓய்வுக்காலச் சேமிப்பான ஈபிஎஃப், தொழிலாளர் காப்புறுதியான சொக்சோ கட்டுகிறார்களா, டயரையும் ஸ்டீயரிங்கையும் யார், எப்போது பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். 2025 மே 13 அன்று தெலுக் இந்தானில் கல் லோரியும் எஃப்ஆர்யூ என்ற கலகத் தடுப்புப் போலீஸ் லோரியும் மோதி 9 போலீஸ்காரர்கள் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து வண்டியைச் சுற்றிப் பார்க்காமல் நான் ஏறுவதில்லை. இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கும் கம்பெனி வேண்டாம்.

கடைசியாக ஒன்று, புது இடத்தில் முதல் நாளே பழைய கதையை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். "போன தடவை மடங்கிவிட்டது, பயந்துபோய் நிறுத்திவிட்டேன்" என்று நான் சொன்னதும் என் இரண்டாவது வாத்தியார் தலையை ஆட்டிவிட்டு, வளைவே வேண்டாம் என்று காலை முழுக்க நேர் கோட்டில் கோஸ்தான் மட்டும் போடச் சொன்னார், அவர் கதவுக்கு வெளியே நின்று ஒரு வார்த்தை பேசவில்லை.