பூச்சிமருந்து நஞ்சு: நோயாளி வந்ததும் செய்ய வேண்டியவை

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் போன்ற பகுதிகளின் கிளினிக்குகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் செவிலியருக்காகவும் பயிற்சி மருத்துவருக்காகவும் இதை எழுதுகிறேன். தென்னாப்பிரிக்காவின் நடைபாதைகளில் எலிக்கும் கரப்பானுக்கும் என்று பெயர் ஒட்டாத பொட்டலங்களில் விற்கப்படும் நஞ்சு, பல நேரங்களில் வயலுக்கென்று தயாரிக்கப்பட்ட ஆர்கனோபாஸ்பேட் அல்லது கார்பமேட் வகையைச் சேர்ந்தது. 2024 அக்டோபரில் சொவெட்டோவின் நலேடியில் 6 சிறுவர்களைப் பலிகொண்ட டெர்புபோஸும் ஆர்கனோபாஸ்பேட்தான்.

முதலில், அடையாளம். இந்நஞ்சுகள் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்னும் நொதியை முடக்குவதால் உடல் முழுவதும் நனைந்துபோகும்: வியர்வை, கண்ணீர், எச்சில், வாந்தி, பேதி, தன்னையறியாமல் போகும் சிறுநீர். கண்மணி குண்டூசித் தலையளவுக்குச் சுருங்கியிருக்கும். தொடைத் தோலுக்கடியில் புழு நெளிவதுபோல் தசை துடிக்கும். நாடி பெரும்பாலும் மெதுவாக இருக்கும், ஆனால் வேகமாக இருப்பதைக் கண்டு ஏமாறாதீர்கள். குழந்தைகள் இத்தனை அறிகுறிகளும் இல்லாமல், வலிப்போடும் துவண்ட உடலோடும் மட்டுமே வரக்கூடும்.

இரண்டாவது, மூச்சு. இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, வாயில் சேரும் நீரை உறிஞ்சியெடுத்து, ஆக்சிஜன் கொடுங்கள். குடித்தது பாராகுவாட் களைக்கொல்லி என்று தெரிந்தால் மட்டும் கணக்கு வேறு. அங்கே தேவைக்கு மீறிய ஆக்சிஜனே நுரையீரலைக் கெடுக்கும். இதே வேளையில் இன்னொருவர் கையுறை அணிந்து, ஆடைகளைக் களைந்து பையில் கட்டிவிட்டு, சோப்பும் நீரும் கொண்டு முடி, நகக்கண் வரை கழுவட்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வீட்டில் புளிக்கரைசலோ பாலோ புகட்டிவிட்டு அழைத்து வந்திருந்தால், அவர்களைக் கடிந்துகொண்டு நேரத்தைக் கழிக்காமல், அது நுரையீரலுக்குள் போயிருக்கலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, இந்நஞ்சை முறிக்கும் மருந்தான அட்ரோபின். புதியவர்கள் தயங்குவது இங்கேதான். இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல், மருத்துவரின் உத்தரவோடு, பெரியவருக்கு 1 முதல் 2 மி.கி. வரை நரம்பு வழியாகச் செலுத்தி, 5 நிமிடம் கழித்து நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்க வேண்டும். கொரகொரப்பு குறையவில்லையென்றால் அளவை இரட்டிக்க வேண்டும்: 2, 4, 8, 16. இப்படிப் போனால் அலமாரியிலுள்ள ஆம்பூல்கள் அரைமணி நேரத்தில் தீர்ந்துவிடும் என்பதால், முதல் ஊசியின்போதே கூடுதல் மருந்துக்குச் சொல்லியனுப்புங்கள். நெஞ்சு தெளிந்து, நாடி 80-ஐயும் மேல் இரத்த அழுத்தம் 80-ஐயும் தாண்டினால் போதுமானது. கண்மணி விரிந்ததா என்று பார்த்து நிறுத்துவது பழைய தவறு. அதன்பின், கொடுத்த மொத்த அளவில் 10 முதல் 20 விழுக்காடு ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சொட்டாக ஏற வேண்டும். குழப்பம், காய்ச்சல், அசைவற்ற குடல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அட்ரோபின் மிகுந்துவிட்டது என்று பொருள். சற்று நிறுத்திவிட்டுக் குறைந்த அளவில் தொடரலாம். வலிப்புக்கு டயசிபாம் கொடுக்கலாம். இன்னொரு முறிவு மருந்தான பிராலிடாக்சிம் தருவதா என்பதில் மருத்துவர்களிடையே இன்னமும் ஒருமித்த கருத்து இல்லை. அதற்காக அட்ரோபினைத் தாமதிக்க வேண்டாம்.

ஐயம் இருந்தால் நஞ்சுத் தகவல் உதவி எண் 0861 555 777-ஐ அழையுங்கள். பொட்டலத்தையோ புட்டியையோ கொண்டுவரச் சொல்லி, நோயாளியோடு பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

தெளிந்து எழுந்து உட்கார்ந்தவரையும் 4 நாள் வரை விடாமல் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறை சுற்றிவரும்போதும் தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லுங்கள். நேற்று தூக்கியவரால் இன்று முடியவில்லையென்றால், அடுத்துத் தளரப்போவது மூச்சுத் தசை. செயற்கைச் சுவாசக் கருவி உள்ள பிரிவுக்கு அப்போதே மாற்றிவிடுங்கள்.