ஆறு மாதம் லண்டன், வீடு தண்டையார்பேட்டை

போன வருடம் மகளைப் பார்க்க லண்டன் கிளம்பியபோது, மிளகாய்த் தூளுக்கும் அப்பளக் கட்டுக்கும் நடுவில் மெட்ரோ வாட்டர் ரசீது ஒன்றையும் பெட்டியில் வைத்தேன். தெருவே சிரித்தது.

மகள் நர்ஸ். ஆறு வயதுப் பேத்தியோடு தனியாக இருக்கிறாள். இங்கிலாந்தில் கவுன்சில், அதாவது நம்ம கார்ப்பரேஷன் மாதிரியான உள்ளாட்சி, வீட்டுக்கு வாங்குவதுதான் கவுன்சில் வரி. அதன் முழுத் தொகை, வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர் என்ற கணக்கில் போடுவது. ஒருவர்தான் என்றால் 25 சதவீதம் தள்ளுபடி. 18 வயதுக்குக் கீழே கணக்கில் வராது. வருடம் 2,000 பவுண்டு வரி என்றால் 500 மிச்சம். "அம்மா வந்தால் அது போச்சு" என்று அவளுடைய சிநேகிதி கிளப்பிவிட்டாள்.

நம்ம ஊர் சொத்து வரிக்கு வீட்டுக்குள் எத்தனை பேர் என்று கார்ப்பரேஷன் கேட்பதில்லை. அங்கே தலையையும் எண்ணுகிறார்கள். ஆனால் எண்ணுவது அந்த வீட்டையே தன் முதன்மை வீடாகக் கொண்டவர்களை மட்டும்தான். விசிட்டர் விசாவில் வந்து ஆறு மாதத்தில் திரும்புகிற அம்மாவுக்கு முதன்மை வீடு தண்டையார்பேட்டைதான்.

இதைக் கிளம்பும் முன்பே மகளை விட்டுக் கவுன்சிலுக்கு எழுதச் சொல்லுங்கள். வருகிற தேதி, திரும்புகிற தேதி, விசா வகை, ஊர் முகவரி, இவ்வளவு போதும். கூடவே ரிட்டர்ன் டிக்கெட், ரேஷன் கார்டு, உங்கள் பெயரில் உள்ள ஏதாவது ஒரு ரசீது. இந்த "உங்கள் பெயரில்" என்பதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். கரண்ட் பில் இன்னும் மாமனார் பெயரில் வருகிறது; அவர் போய்ப் பதினோரு வருடம். தேடித் தேடிக் கிடைத்தது அந்தத் தண்ணீர் ரசீதுதான்.

இதையே திருப்பிப் போட்டுப் பார்த்துத் தப்புக் கணக்குப் போடாதீர்கள். பக்கத்துத் தெருப் பையன் கப்பலில் வேலை, வருடத்தில் எட்டு மாதம் கடலில். மனைவி இங்கிலாந்தில். "நான் தனியாக இருக்கிறேன்" என்று எழுதித் தள்ளுபடி வாங்கினாள்; ஒரு வருடம் கழித்து எல்லாவற்றையும் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. கவுன்சில் வரிக்கு முந்தைய தலைவரிக் காலத்திலேயே, 1991-இல், பிராட்ஃபோர்டு மாலுமி ஒருவர் வழக்கில் முடிவான விஷயம் இது: கப்பல் வீடாகாது, மனைவி இருக்கும் வீடுதான் அவர் வீடு. வளைகுடா வேலைக்குப் போய் லீவுக்கு லீவு திரும்புகிறவர் கதையும் பெரும்பாலும் இப்படித்தான். உண்மையிலேயே குடிபெயர்ந்துவிட்டார் என்றால், வெளிநாட்டு வாடகை ஒப்பந்தம், குடியிருப்பு விசா, வேலை ஒப்பந்தம் என்று காட்ட வேண்டும்.

வீட்டில் பெரியவர் ஒருவர் நிரந்தரமாகக் கூடினால் 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்; தவறினால் 70 பவுண்டு அபராதம் போடலாம். குடும்பமே கிளம்பிவிட்டால் தள்ளுபடியை மறந்துவிடுங்கள். சாமான் இல்லாமல் ஒரு வருடம் பூட்டிக் கிடந்தால் வரியை இரட்டிப்பாக்கக்கூட அங்கே சட்டம் இருக்கிறது.

கவுன்சில் மறுத்தால் முதலில் அவர்களுக்கே எழுத்தில் ஆட்சேபம். இரண்டு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் இந்த வரித் தகராறுகளை விசாரிக்கும் வேல்யுவேஷன் டிரிப்யூனல் என்ற தீர்ப்பாயத்துக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. அதுவரை தவணையை நிறுத்தாதீர்கள்.

மகளுக்குப் பதில் இரண்டே வரியில் வந்தது, தள்ளுபடி தொடரும் என்று. ஊர் திரும்பிய வாரமே கரண்ட் கனெக்‌ஷனை என் பெயருக்கு மாற்ற மனு கொடுத்தேன்.