கசாட்டின் 'குளியல்': பார்ப்பவரும் வாங்குபவரும் தவறும் இடங்கள்

மஞ்சள் உடையில் ஒரு தாய். குழந்தையை அணைத்தபடியே தொட்டித் தண்ணீரில் கைவைத்துச் சூடு பார்க்கிறாள். அமெரிக்க ஓவியர் மேரி கசாட் 1890-91இல் பிரான்சில் உருவாக்கிய 'குளியல்' என்ற அச்சோவியம் இது. இணையத்தில் தேடினால் பல நேரம் வேறொன்று வந்து நிற்கும்: கோடுபோட்ட உடையணிந்த பெண் குழந்தையின் காலைக் கழுவும் படம். அது 1893ஆம் ஆண்டு எண்ணெய் ஓவியம். சிகாகோ கலை நிறுவனத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கி எழுதிவிடுகிறார்கள்.

இதைவிடப் பெரிய தவறு, அச்சு என்றதும் ஏதோ ஓவியத்தின் நகல் என்று எண்ணுவது. இதற்குப் பின்னால் 'மூல ஓவியம்' கிடையாது. கசாட் செம்புத் தகட்டிலேயே ஊசியால் கீறினார். நிறப்பரப்புகளை அக்வாடின்ட் முறையில் அமிலத்தால் அரித்தெடுத்தார். ஒவ்வொரு தாளை அச்சிடும் முன்பும் தகட்டின் மேல் துணியால் வண்ணம் பூச வேண்டும். அதனால் ஒரு பிரதியைப் போல் இன்னொன்று இருக்காது. பத்துப் படங்கள் கொண்ட இந்தத் தொகுப்பில் ஒவ்வொன்றுக்கும் 25 பிரதிகள். அச்சிட உதவியவர் லெராய். அந்த 25மே அசல்கள்தாம்.

1890இல் பாரிஸில் நடந்த ஜப்பானிய மரக்கட்டை அச்சுக் கண்காட்சி கசாட்டை உலுக்கியது. நிழலில்லாத தட்டையான நிறம், நறுக்கென்ற கோடு எல்லாம் அங்கிருந்து வந்தவை. அதற்காக இதையும் மரக்கட்டை அச்சு என்று எழுதலாமா? தோற்றம் ஜப்பானுடையது, தொழில்நுட்பம் ஐரோப்பியச் செம்புத் தகட்டினுடையது.

கசாட்டின் சொந்த வாழ்க்கையை இதில் தேடவும் வேண்டாம். அவர் மணமாகாதவர், பிள்ளைகளும் இல்லை. குழந்தையைத் தூக்கியிருப்பவள் எல்லாம் தாயும் அல்ல. இதே தொகுப்பின் 'ஆம்னிபஸ்' படத்தில் குழந்தையை வைத்திருப்பவள் அதைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண். 'தாய்மையின் உருக்கம்' என்று ஒரே வரியில் முடித்துவிடும் விமர்சனங்கள்தான் எனக்கு அலுப்பூட்டுபவை. தாயின் முதுகு வளைவை எத்தனை சிக்கனமான கோட்டில் பிடித்திருக்கிறார் என்பதை அவை கவனிப்பதே இல்லை.

வாங்குவோர் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஒழுங்கான புள்ளிவரிசை தெரிந்தால் அது ஆஃப்செட் இயந்திரத்தில் அச்சடித்த போஸ்டர். போஸ்டர் வாங்குவதில் தவறில்லை, போஸ்டர் விலைக்கு வாங்குங்கள். அசலில் தகடு அழுந்திய பள்ளம் தாளின் ஓரத்தில் தெரியும். கையெழுத்தை மட்டும் நம்பக் கூடாது, அதையும் சேர்த்தே அச்சிடலாம். சட்டம் போடும்போது ஓரத்தை வெட்டாதீர்கள்; செலோடேப் ஒட்டாதீர்கள்; கண்ணாடி தாளைத் தொடாதபடி இடையில் அமிலமற்ற அட்டை வையுங்கள். வெயில் படும் சுவர் கூடவே கூடாது.