செட் என்ற சின்னச் சொல்லை எப்படிப் பழகுவது?

ஆங்கிலத்தில் செட் என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு 1989-ல் வந்த ஆக்ஸ்போர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பு 430 பொருள் கொடுத்திருக்கிறது. அத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், செய்யவும் முடியாது. பக்கத்தில் நிற்கும் சொல்லோடு சேர்த்தே பழகுங்கள், அதுதான் வழி. சூரியனோடு வந்தால் மறைவது, அலாரத்தோடு வந்தால் நேரம் வைப்பது, சிமெண்டோடு வந்தால் இறுகுவது, செட் அவுட் என்றால் கிளம்புவது, மழையோடு செட் இன் வந்தால் பிடித்துக்கொள்வது.

ரொம்பப் பேர் தடுமாறுவது செட் அசைடில்தான். பணத்தைப் பற்றிப் பேசும்போது அது ஒதுக்கி வைப்பது, சரி. ஆனால் மேல் நீதிமன்றம் கீழ் நீதிமன்றத் தீர்ப்பை செட் அசைட் செய்தது என்று வந்தால், தீர்ப்பை ரத்து செய்துவிட்டது என்று பொருள், அப்புறம் பார்க்கலாம் என்று ஓரமாக வைத்ததாக நினைத்துவிடாதீர்கள், வழக்கு உங்களுடையது என்றால் அது எவ்வளவு பெரிய வித்தியாசம்!

அப்புறம், நாம் சொல்லும் ‘எனக்கு செட் ஆகாது’ தமிழுக்குள் மட்டும்தான் செல்லும். ஆங்கிலத்தில் அப்படியே சொன்னால் ஜெல்லி உறையாது என்கிற மாதிரிதான் கேட்கும். அங்கே சூட் என்ற சொல்லைப் போடுங்கள்.