விளக்கு எரியும் முன் பிரேக் பேட் மாற்றினால் சென்சார் செலவு மிச்சம்

பி.எம்.டபிள்யூ எக்ஸ்5-இல் பிரேக் எச்சரிக்கை விளக்கு எரியும்வரை காத்திருக்காமல் பேடை (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்தி வண்டியை நிறுத்தும் பட்டையை) மாற்றுங்கள். பேட் தேய்ந்ததைக் காட்டும் பழைய சென்சாரையே திரும்பப் போடலாம். பிளாஸ்டிக் முனைக்குள் ஓடும் மெல்லிய கம்பிதான் சென்சார். பேட் தேய்ந்து, டிஸ்க் அந்த முனையை உரசிக் கம்பியை அறுக்கும்போது விளக்கு எரியும். முன்பக்கம் இடது சக்கரத்தில் ஒன்று, பின்பக்கம் வலதில் ஒன்று.

கழற்றும்போது ஒயரை இழுக்கவே கூடாது. பிரேக் சூட்டில் பிளாஸ்டிக் மொறமொறவென்று ஆகியிருக்கும். தலைப்பகுதியைப் பிடித்து மெல்ல நெம்புங்கள். உடைந்தாலோ, முனையில் உரசல் தெரிந்தாலோ, விளக்கு ஏற்கெனவே எரிந்திருந்தாலோ புதுசுதான் போட வேண்டும். அறுந்த சென்சாரோடு சர்வீஸ் ரீசெட்டை (பேட் மாற்றியதைக் காரின் கணினியில் பதிவதை) கார் ஏற்காது. பழையதைப் போடுவதாக இருந்தாலும் புது சென்சார் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள்.