மீனையும் விட வேண்டாம், டீயையும் விட வேண்டாம்: வடசென்னையில் இருந்தபடியே உடம்பைக் குறைப்பது எப்படி

எடை மெஷின் வாங்குவதற்கு முன்னால் ஒரு டெய்லர் டேப் வாங்குங்கள். காலையில் வெறும் வயிற்றில், மூச்சை எக்கிப் பிடிக்காமல், தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே சுற்றி அளந்து பாருங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர், அதற்கு மேலே போனால் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்துவிட்டது என்று கணக்கு, நம்மைப் போன்ற தெற்காசிய உடம்புக்கு என்றே வைத்திருக்கிற அளவு இது. கை கால் எல்லாம் ஒல்லியாக இருந்து தொப்பை மட்டும் முன்னால் வருகிறவர்கள் எடையைப் பார்த்து ஏமாந்துபோவார்கள், டேப் ஏமாற்றாது. டேப் இல்லாத ஆண்களுக்கு அர்ணாக்கயிறே போதும், எங்கே முடிச்சுப் போட்டிருக்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள், முடிச்சைத் தளர்த்தும்படி ஆகிறதா இறுக்கும்படி ஆகிறதா என்பதுதான் இனிமேல் செய்தி.

அப்புறம், பக்கத்தில் இருக்கிற நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் பிரஷரும் சுகரும் பார்த்துவிடுங்கள், காசு கிடையாது. காரணமே தெரியாமல் உடம்பு ஏறுகிறது, கூடவே அசதி, முடி கொட்டுகிறது, மாதவிடாய் தள்ளிப்போகிறது என்றால் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் சாப்பாட்டைப் பாதியாகக் குறைக்கவே கூடாது, சர்க்கரை திடீரென்று கீழே இறங்கி நடுரோட்டில் மயங்கி விழுவது இதனால்தான்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? டீயில்.

நம் ஏரியாவில் டீ என்பது பேசுவதற்கு, காத்திருப்பதற்கு, வேலை கிடைக்காத காலையைத் தள்ளுவதற்கு, எல்லாவற்றுக்கும்தான். டீயை நிறுத்துங்கள் என்று சொல்கிறவர் தண்டையார்பேட்டையில் ஒரு நாள் கூட வேலை பார்த்திருக்க மாட்டார். நிறுத்த வேண்டாம், கணக்குப் போடுங்கள். ஒரு கிளாசில் இரண்டு ஸ்பூன் என்றால் 10 கிராம் சர்க்கரை, நாளைக்கு ஐந்து டீ என்றால் 50 கிராம், மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ. வீட்டில் ஒன்றரைக் கிலோ சர்க்கரையைப் பாக்கெட்டோடு எடுத்து மேசை மேல் வைத்துப் பாருங்கள், அதை ஒரு ஆள் டீயிலேயே குடிக்கிறார். மாஸ்டரிடம் "ஸ்ட்ராங்கா, சர்க்கரை கம்மி" என்று சொல்லிப் பழகுங்கள், முதல் வாரம் கசக்கும், மூன்றாவது வாரம் பழைய டீயைக் குடித்தால் பாயசம் மாதிரி திகட்டும். டீயோடு வருகிற சமோசா, பட்டர் பிஸ்கட், பன் பட்டர் ஜாம் இதெல்லாம் தனிக் கதை. அரை மணி நேரம் வேகமாக நடந்து எரித்ததை ஒரே ஒரு சமோசா திருப்பிக் கொடுத்துவிடும். நடந்து முடித்த கையோடு டீக்கடையில் நின்று பஜ்ஜி சாப்பிடுகிற கோஷ்டி ஒன்று எல்லாப் பூங்கா வாசலிலும் உண்டு, அவர்களோடு நட்பு வையுங்கள், பஜ்ஜி வேண்டாம்.

சாப்பாட்டு விஷயத்தில் நமக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. ஓட்ஸ், ஆலிவ் ஆயில், இன்ஸ்டாகிராமில் காட்டுகிற அவகாடோ எதுவும் தேவையில்லை, காசிமேடு மீன் சந்தை பக்கத்திலேயே இருக்கிறது. நெத்திலி, மத்தி, கானாங்கத்தை, காரப்பொடி எல்லாம் வஞ்சிரத்தின் விலையில் ஒரு சின்னப் பங்குக்குக் கிடைக்கும், புரதம் வஞ்சிரத்துக்குக் குறைச்சல் இல்லை, 100 கிராம் மீனில் கிட்டத்தட்ட 20 கிராம் வரும். எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரையும், அதைத் தடுக்கிறது இந்தப் புரதம்தான், பசியை ரொம்ப நேரம் தள்ளிப்போடுவதும் இதுதான். ஆனால் மீனை வாங்கிவந்து எண்ணெய்யில் மூழ்கடித்துப் பொரித்தால் பிரயோஜனம் இல்லை. குழம்பாக வையுங்கள், தேங்காயை அள்ளிப்போடாமல். வறுவல்தான் வேண்டும் என்றால் தோசைக்கல்லில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுப் போட்டு எடுங்கள். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய்யில் 120 கலோரி, ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர், நாலு பேர் வீட்டுக்கு இரண்டு லிட்டர் என்று வைத்துக்கொண்டு, ஐந்து லிட்டர் கேன் வாங்குவதை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. கேன் பக்கத்தில் இருந்தால் கை சரிகிறது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது, விலை எகிறும். அந்த 61 நாளும் கருவாட்டையே நம்பினால் உப்பு கூடிப்போய் பிரஷர்காரர்களுக்கு ஆகாது. முட்டை (ஒன்றில் 6 கிராம் புரதம்), சுண்டல், பச்சைப்பயறு, கொழுப்பு நீக்கி வாங்கின பீப் என்று மாற்றிக்கொள்ளுங்கள். வண்டிக்கடை கேழ்வரகுக் கூழும் நல்லதுதான், ஒரு சொம்பு குடித்துவிட்டு வீட்டுக்குப் போய் மறுபடியும் சோறு சாப்பிடாத வரைக்கும்.

சோற்றை ஒழிக்கச் சொல்லவில்லை. தட்டில் இப்போது எவ்வளவு போடுகிறீர்களோ அதில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் கீரையோ, கோஸோ, சுரைக்காய்க் கூட்டோ வையுங்கள். முதலில் காயையும் மீனையும் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள். பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும்: பிள்ளைகள் வைத்த மிச்சம், ராத்திரி குண்டானில் மீந்த சோறு, வீணாகப் போகிறதே என்று நின்றுகொண்டே வாயில் போட்டுக்கொள்வது, இதெல்லாம் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சமம், எந்தக் கணக்கிலும் வராது. ஒரு நாளைக்கு அரை ஆழாக்கு அரிசியைக் குறைத்துப் போடுங்கள், மிஞ்சாது.

ராத்திரிதான் பெரிய வில்லன். ஷிப்டு முடிந்து பதினோரு மணிக்கு வருகிறவர் கையேந்தி பவனில் கொத்து பரோட்டாவோ ஃப்ரைட் ரைஸோ சாப்பிட்டுவிட்டு நேராகப் படுக்கிறார். காலையில் பசிக்காது, பத்து மணிக்கு டீ, மத்தியானம் மலை மாதிரி சோறு, மறுபடியும் ராத்திரி. இந்த வட்டத்தை ஒரு இடத்தில் உடைத்தால் போதும்: வேலைக்கு நடுவில் ஏழு, எட்டு மணிக்கே டப்பாவில் கொண்டுபோன சாப்பாட்டை முடித்துவிடுங்கள், வீட்டுக்கு வந்து பசித்தால் இரண்டு அவித்த முட்டையோ ஒரு டம்ளர் மோரோ. காலையில் தானாகப் பசிக்கும். தூக்கமும் முக்கியம், ஐந்து மணி நேரமே தூங்குகிறவருக்கு மறுநாள் முழுக்க எதையாவது கொறிக்கத் தோன்றும்.

அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ், சாப்பிடலாமா? சாப்பிடலாம், வாரத்துக்கு ஒரு தடவை. பாரிமுனைப் பக்கம் பர்மா கடையில் நின்றால் அத்தோவை ஒரு பிளேட் வாங்கி இரண்டு பேர் பிரித்துக்கொண்டு, வாழைத்தண்டு சூப்பை ஆளுக்கொன்றாக வாங்குங்கள், மேலே தூவுகிற பொரித்த அயிட்டத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். பிரியாணிக் கடையில் குஸ்காவை விட்டுவிட்டு அரை பிளேட்டில் பீஸ் கூடக் கேளுங்கள். கடைக்காரர் முறைப்பார், தெரிந்த கடையாக இருந்தால் வைப்பார். சரக்கு பற்றி நீட்டி முழக்கப்போவதில்லை: ஒரு குவார்ட்டரில் 400 கலோரிக்கு மேல் இருக்கிறது, சைடு டிஷ் சேர்க்காமல்.

இனி நடை. வாரத்துக்கு 150 நிமிடம், அதாவது ஐந்து நாள் அரை மணி நேரம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில். வடசென்னையில் பிரச்சினை நேரமில்லாதது மட்டும் இல்லை, இடமும்தான். கன்டெய்னர் லாரி வரிசையாக நிற்கிற எண்ணூர் விரைவுச் சாலையிலோ மணலிச் சாலையிலோ நடந்து புகையை இழுப்பதற்குப் பதிலாக உள் தெருவிலேயே பத்து ரவுண்டு அடிக்கலாம். ராயபுரத்துக்காரர்களுக்கு அண்ணா பூங்கா இருக்கிறது, பெரியவர்கள் இன்னும் ராபின்சன் பார்க் என்பார்கள், 1949-ல் தி.மு.க. தொடக்கக் கூட்டம் நடந்த அதே இடம். தனியாக நடக்கக் கூச்சப்படுகிற பெண்கள் திருவொற்றியூர் கோயில் பிராகாரத்தைச் சுற்றுங்கள், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், பத்துச் சுற்று சுற்றினால் நேர்த்திக்கடன் என்று நினைத்துக்கொள்வார்கள். 2021-ல் விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்துவிட்டது, இறங்க வேண்டிய ஸ்டேஷனுக்கு ஒன்று முன்னாலேயே இறங்கி நடங்கள், எஸ்கலேட்டரை விட்டுவிட்டுப் படியில் ஏறுங்கள். ஐப்பசி கார்த்திகையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டையில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது நடக்க முடியாது, அப்போது ஹவுசிங் போர்டு மாடிப்படிதான் ஜிம். முழங்கால் வலி இருப்பவர்கள் படியை விட்டுவிட்டு மொட்டை மாடியில் நடக்கலாம்.

நடை மட்டும் போதாது, பலமும் வேண்டும். குத்துச்சண்டைக்கும் கர்லா கட்டைக்கும் பேர்போன ஏரியாவில் இதைச் சொல்ல வேண்டியதே இல்லை. வாரத்துக்கு இரண்டு, மூன்று நாள், பதினைந்து நிமிடம்: சுவரில் கை வைத்துத் தண்டால், பழகினதும் கட்டில் விளிம்பில், அப்புறம் தரையில். நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுவது, கொஞ்ச நாளில் நாற்காலி இல்லாமலே பஸ்கி. இரண்டு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பித் தூக்குவது. லாரித் தண்ணீரைக் குடம் குடமாக மாடிக்குத் தூக்குகிற பெண்களுக்குப் பாதிப் பயிற்சி ஏற்கெனவே நடக்கிறது, இடுப்பில் ஒரே பக்கம் வைக்காமல் மாற்றி மாற்றி வையுங்கள், அது போதும்.

முதல் இரண்டு வாரத்தில் கடகடவென்று இறங்கும், அதில் பாதி தண்ணீர், ரொம்பக் கொண்டாட வேண்டாம். அதற்குப் பிறகு வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் நல்ல வேகம். 80 கிலோ ஆள் 5 கிலோ குறைத்தாலே பிரஷர், சுகர், முழங்கால் எல்லாவற்றிலும் வித்தியாசம் தெரியும். நடுவில் மூன்று வாரம் முள் அசையாமல் நிற்கும். உடம்பு சிறுத்துவிட்டதால் இப்போது அதற்குச் செலவும் குறைவு, அதனால்தான். அந்தச் சமயத்தில் பட்டினி கிடக்காமல் பத்து நிமிட நடையைக் கூட்டுங்கள், எண்ணெய்யை மறுபடியும் அளந்து பாருங்கள். சந்துக்குள்ளே ஷேக் பவுடர் விற்கிறவர்கள் சரியாக இந்த நேரத்தில்தான் வந்து "ஒரு மாசத்துல பத்து கிலோ" என்பார்கள். அவ்வளவு வேகமாகக் குறைந்தால் பித்தப்பைக் கல் வருகிற வாய்ப்பு கூடுகிறது, நிறுத்தினதும் எடை திரும்பி வருகிறது. எடை குறைக்கிற ஊசிகளும் இப்போது வந்துவிட்டன, அவை நிஜமான மருந்து, அதனாலேயே டாக்டர் சீட்டு இல்லாமல் தொடக்கூடாது.

தன்னம்பிக்கை விஷயத்துக்கு வருவோம். பலரும் உடம்பு குறைந்த பிறகு கல்யாணத்துக்குப் போகலாம், போட்டோவில் நிற்கலாம், இன்டர்வியூவுக்குப் போகலாம் என்று எல்லாவற்றையும் தள்ளிப்போடுகிறார்கள். என் அபிப்பிராயம் நேர் எதிர்: வெளியே போவதை முதலில் ஆரம்பிக்க வேண்டும், உடம்பு பின்னால் வரும். வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறவர் டிவி முன்னால் மிக்சர்தான் சாப்பிடுவார். கேரம் கிளப்புக்குப் போங்கள், அங்கே உங்கள் இடுப்பை யாரும் பார்ப்பதில்லை, காயைத்தான் பார்க்கிறார்கள். (2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண், நம் தெருவோரப் பலகையின் மதிப்பு அது.) பழைய கூட்டாளிகள் ஞாயிற்றுக்கிழமை பந்தாடினால் கோல்கீப்பராகவாவது நில்லுங்கள்.

ஷேர் ஆட்டோவில் ஏறினதும் "ரெண்டு டிக்கெட் எடுத்தியா" என்று கேட்கிறவன் இருப்பான். மறுவார்த்தை பேசாமல் உட்காருங்கள், சீட்டுக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள். சொந்தக்காரர்கள் கொஞ்சம் கஷ்டம். "இன்னாடி இப்டி ஊதிட்ட" என்கிற அத்தைக்கு, "ஆமா அத்த, காலையில நடக்கிறேன், நீயும் வாயேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள், நிஜமாகவே வந்துவிட்டால் துணையும் ஆயிற்று. ஆனால் கண்ணாடியைப் பார்க்கவே பிடிக்கவில்லை, சாப்பிட்டதை வாந்தி எடுக்கத் தோன்றுகிறது, எதிலுமே மனம் போகவில்லை என்றால் அதை டயட்டால் சரிசெய்ய முடியாது. மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசலாம், இலவசம், இல்லையென்றால் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது.

துணி கடைசி விஷயம், ஆனால் சின்ன விஷயம் இல்லை. குறைந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று டைட்டான சட்டையை பீரோவில் வைத்துக்கொண்டு தொளதொளவென்ற பழைய நைட்டியிலும் டிராயரிலும் சுற்ற வேண்டாம். இன்றைக்கு இருக்கிற உடம்புக்குச் சரியாக உட்காருகிற மாதிரி வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் இரண்டு செட் மட்டும் எடுங்கள், நிறைய வேண்டாம், சீக்கிரம் லூஸாகும். லூஸானதும் டெய்லரிடம் பிடிக்கக் கொடுங்கள். ஜாக்கெட்டில் உள் தையலைப் பிரிக்காமல் பக்கத்தில் பிடிக்கச் சொல்லலாம். பேன்டை மட்டும் இடுப்பில் இரண்டு இன்ச்சுக்கு மேல் பிடிக்காதீர்கள், பின் பாக்கெட் இரண்டும் ஒட்டிக்கொண்டு கேவலமாக இருக்கும், அதற்கு மேல் என்றால் புதுசு எடுத்துவிடுங்கள்.