பார்க்க ஷோரூம் கார், ஓடுவது வேறு: ஜிடி500 பற்றிய தவறான கணக்குகள்

ஜப்பானின் சூப்பர் ஜிடி பந்தயத்தை முதன்முறை பார்ப்பவர்கள் அநேகமாக ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "டொயோட்டா சுப்ராவெல்லாம் இவ்வளவு வேகமா போகுமா?" கடையில் விற்பவை போகாது. சுசுகா தடத்தின் 5.807 கிலோமீட்டர் சுற்றை, இந்தத் தொடரின் உச்சப் பிரிவான ஜிடி500 கார்கள் தகுதிச் சுற்றில் 1 நிமிடம் 45 வினாடிக்குள் முடித்திருக்கின்றன. அதே பந்தயத்தில் ஓடும் ஜிடி300 பிரிவில் நிஜமான ஸ்போர்ட்ஸ் கார்களிலிருந்து உருவான ஜிடி3 வண்டிகளும் உண்டு. அவற்றுக்கு அந்தச் சுற்றை முடிக்கப் பத்து வினாடிக்கு மேல் கூடுதலாகத் தேவைப்படும்.

முதல் தவறு, கடையில் விற்கும் காரை எடுத்து முறுக்கேற்றியிருக்கிறார்கள் என்று நினைப்பது. 2014 முதல் எல்லா ஜிடி500 கார்களுக்கும் அடியில் இருப்பது ஒரே மாதிரியான கார்பன் ஃபைபர் மோனோகாக்தான் (ஓட்டுநர் உட்காரும் மையக் கூடு). கியர்பாக்ஸ், பிரேக், பின் இறக்கை எனப் பலவும் பொதுப் பாகங்கள். கடையில் வாங்கும் சுப்ராவில் 3 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின் கிடைக்கும். பந்தய சுப்ராவில் இருப்பதோ 2 லிட்டர், நான்கு சிலிண்டர் டர்போ. ஹோண்டா என்எஸ்எக்ஸ் கதை இன்னும் சுவையானது. சாலைக் காரில் எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும். 2020இல் விதி மாறியதும் பந்தயக் காரில் அதை முன்பக்கம் கொண்டுவந்துவிட்டார்கள். சாலையில் முன்சக்கரங்களால் ஓடும் சிவிக் டைப் ஆர், 2024, 2025 சீசன்களில் பந்தயத்தில் பின்சக்கரங்களால் ஓடியது. முகம் மட்டும்தான் சொந்தம்.

அடுத்தது, வேகம் என்றாலே குதிரைத்திறன் என்று எண்ணுவது. பெயரில் உள்ள 500 ஒரு காலத்தில் குதிரைத்திறனைக் குறித்தது. இப்போது 600ஐத் தாண்டிவிட்டது. ஆனால் ஏறத்தாழ அதே சக்தியோடு அமெரிக்காவின் நாஸ்கார் கப் தொடரின் கார்களும் ஓடுகின்றன. அவையும் வெளியே பார்த்தால் சாலைக் கார் போலத்தான் இருக்கும். ஆனால் 400 கிலோவுக்கு மேல் கூடுதல் எடை. ஜிடி500இன் குறைந்தபட்ச எடை சுமார் 1,020 கிலோதான். அதோடு, சக்கர வளைவுகள், பக்கவாட்டு என உடலின் கீழ்ப்பகுதியைச் செதுக்கிக் காற்றால் காரைத் தரையோடு அழுத்தவும் விதி இடம் தருகிறது. ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு எரிபொருள் எஞ்சினுக்குள் போகலாம் என்பதற்கும் வரம்பு இருப்பதால், யார் அதிகம் எரிக்கிறார்கள் என்பதைவிட யார் ஒரு துளியும் வீணாக்காமல் எரிக்கிறார்கள் என்பதே போட்டி.

சரி, இப்போது டயர். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். "ரப்பர்தானே, எல்லாருக்கும் ஒன்றுதானே" என்று கடந்துவிடுகிறார்கள். இன்றைக்குப் பெரும்பாலான தொடர்களில் ஒரே நிறுவனம்தான் டயர் தருகிறது. அந்த நிறுவனத்துக்கு ஓட்டத்தில் தோற்கடிக்க ஆளே இல்லை. டயர் வெடித்துப் பெயர் கெடாமல் இருந்தால் போதும், கொஞ்சம் கெட்டியாகவே செய்துவிடலாம். ஜிடி500இல் அப்படி இல்லை. மிஷலின் 2023 சீசனோடு விலகும்வரை பிரிட்ஜ்ஸ்டோன், யோகோஹாமா, டன்லப், மிஷலின் என நான்கு நிறுவனங்கள் மோதின. ஒவ்வொன்றும் குறிப்பிட்ட காருக்கும் தடத்துக்கும் வானிலைக்கும் ஏற்ப ரப்பர் கலவையை மாற்றிக்கொண்டே இருக்கும். 2011, 2012, 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் நிஸ்ஸான் ஜிடி-ஆர் பட்டம் வென்றது மிஷலின் டயரில். 2016 முதல் பிரிட்ஜ்ஸ்டோன் கை ஓங்கியது.

கலவை மென்மையாக இருந்தாலே வேகம் வந்துவிடும் என்பதும் தப்பு. ஒவ்வொரு டயருக்கும் அது நன்றாகப் பிடிக்கும் வெப்ப அளவு ஒன்று உண்டு. அதற்குக் கீழே வழுக்கும், மேலே போனால் தேய்ந்து கரையும். சூப்பர் ஜிடியில் டயரை முன்கூட்டியே சூடேற்றும் போர்வைக்கு அனுமதி கிடையாது. அதனால் டயர் மாற்றும் இடமான பிட்டிலிருந்து குளிர்ந்த டயரோடு வெளியே வரும் அந்த ஒரு சுற்றில்தான் பல நிலைகள் கைமாறும். எனக்கு இந்தத் தொடரில் மிகவும் பிடித்த காட்சி அதுதான்.

டயரை விட்டுவிட்டு ஓட்டுநரை எடைபோடுவது எவ்வளவு அநியாயம் என்பதற்குக் கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயனே சாட்சி. 2019இல் நகாஜிமா அணியின் என்எஸ்எக்ஸை ஓட்டினார். அந்த ஆண்டு ஜிடி500இல் டன்லப் போட்டு ஓடிய ஒரே கார் அது. நவம்பரில் ஃபூஜியில் சூப்பர் ஜிடியும் ஜெர்மனியின் டிடிஎம் தொடரும் சேர்ந்து ஓடியபோது எல்லாருக்கும் ஒரே ஹான்கூக் டயர் கொடுத்தார்கள். இரண்டாவது பந்தயத்தில் கார்த்திகேயன் ஜெயித்தார்! ஒரு பந்தயத்தை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்ய முடியாதுதான். ஆனாலும் அதுவரை அவரைக் குறைத்துப் பேசியவர்கள் அந்த முடிவைப் பார்த்திருக்க வேண்டும்.

இன்னொன்று: போன பந்தயத்தில் ஜெயித்த கார் இந்த முறை பின்தங்கினால் உடனே அணியைத் திட்டாதீர்கள். சீசனின் பெரும்பகுதியில், எடுக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் 2 கிலோ எடை ஏற்றுவார்கள். அது 50 கிலோவைத் தாண்டினால் எரிபொருள் அளவிலும் கைவைப்பார்கள்.

அப்புறம், டயர் போட்டியால் நன்மை மட்டுமே என்று கொண்டாடுவதும் சரியல்ல. 2005 ஜூனில் இண்டியானாபொலிஸில் நடந்த எஃப்1 பந்தயத்தில், அங்கே சரிவாக அமைந்த வேக வளைவின் அழுத்தத்தை மிஷலின் டயர்கள் தாங்காது என்று தெரிந்ததும், 14 கார்கள் பந்தயம் தொடங்குமுன் ஓடும் ஃபார்மேஷன் சுற்றோடு பிட்டுக்குத் திரும்பிவிட்டன. காசு கொடுத்து வந்த ரசிகர்கள் பிரிட்ஜ்ஸ்டோன் பூட்டிய ஆறே கார்கள் ஓடுவதைப் பார்த்தார்கள். அந்த ஆறில் ஒன்று கார்த்திகேயனின் ஜோர்டன். நான்காவதாக வந்து அன்று அவர் எடுத்த 5 புள்ளிகள்தான் எஃப்1இல் அவர் எடுத்த மொத்தப் புள்ளிகளும்.